இடது காதில் பாதி, வலது காதில் மீதி

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நான், டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்ற நடனப் பாட்டில் பாதியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் என்னிடம் இருந்த இயர்போனில் வலது பக்கக் கம்பி எப்போதோ அறுந்துபோயிருந்தது. ஒவ்வொரு மாதமும் புதிதாக வாங்க நினைப்பதும், மெஸ் பில் கட்டியபின் அந்த நினைப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதுமாகக் காலம் போயிற்று. பெரும்பாலான பாட்டுகளில் குரலும் தாளமும் இரண்டு பக்கமும் பொதுவாகவே வரும் என்பதால் பெரிய இழப்பு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் நண்பனின் அறையில் நல்ல ஒலிபெருக்கிகளில் அதே பாட்டு ஒலித்தபோது, இது வேறு யாரோ செய்த வேறு பதிவு என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பாட்டு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிமையானது, ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. 1977இல் மியூனிக் நகரத்தில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர்கள், சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் வாசித்த பாஸ் என்னும் கீழ்ஸ்தாயி ஒலியை இடது பக்கத்தில் வைத்துவிட்டு, அதே ஒலியைச் சற்றே தாமதப்படுத்திய எதிரொலியை வலது பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் எதிரொலி வந்து விழுகிறது. நம் தாள மொழியில் சொன்னால், ஓர் அட்சரத்தில் இரண்டு தட்டாக வந்துகொண்டிருந்தது நான்கு தட்டாக மாறிவிடுகிறது. அந்த நான்கில் இரண்டு ஒரு காதிலும் இரண்டு மறு காதிலும் கேட்கின்றன. யாரும் வேகமாக வாசிக்கவில்லை, கூடுதலாக ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அந்தப் பாட்டின் புகழ்பெற்ற பாய்ச்சல், அறுந்துபோன என் வலது கம்பியில்தான் இருந்திருக்கிறது.

அந்த இசைத்தட்டின் இரு தயாரிப்பாளர்களில் ஒருவரும், அதன் ஒலிக்குப் பெயர் வாங்கியவருமானவர் ஜார்ஜியோ மொரோடர். 'தயாரிப்பாளர்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பணம் போடுகிற படமுதலாளிதான் நினைவுக்கு வருகிறார். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வேறு ஆள். எந்தப் பாட்டு, யார் பாடுவது, எந்த வாத்தியம், எந்த அறை, எத்தனையாவது முறை பாடியதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது, எதை நீட்டுவது ஆகிய அனைத்தையும் முடிவு செய்பவர் அவர். நம் திரையிசையில் இந்த வேலையில் பெரும்பகுதியை இசையமைப்பாளரே செய்துவிடுவதால், தனிப் பெயர் வைக்க வேண்டிய தேவை நமக்கு வரவில்லை. மொரோடர் மெட்டும் போடுவார் என்பதால், அவரை நம் இசையமைப்பாளர்களின் சாயலில் புரிந்துகொள்வது அவ்வளவு தவறாகாது.

அவர் பிறந்தது 1940இல், இத்தாலியின் வடக்கு எல்லையில் தென்டைரோல் மலைப்பகுதியில் உள்ள ஓர்ட்டிசேய் என்ற சிற்றூரில். மரச்சிற்பத் தொழிலுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு அது. வீட்டில் லடீன், வெளியே ஜெர்மன், அரசாங்கத்துக்கு இத்தாலியன் என்று மூன்று மொழிகள் புழங்கும் ஊர். இருபது வயதுக்கு முன்பே கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியேறி, ஐரோப்பாவின் ஓட்டல்களிலும் நடன விடுதிகளிலும் பிறருடைய பாடல்களை வாசித்துப் பிழைத்தார். பின்னர் பெர்லின், 1960களின் கடைசியில் மியூனிக். இந்த ஓட்டல் காலத்தை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதுதான் அவரைப் பற்றிய முக்கியமான தகவலாகப் படுகிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து ஆடுவாரா மாட்டாரா என்பதை ஒவ்வோர் இரவும் எதிரே பார்த்துப் படித்தவர் அவர். 1970களில் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் இயந்திர இசையைக் கொள்கையாகவே வகுத்துக்கொண்டிருந்த கிராஃப்ட்வெர்க் குழுவினரிடமிருந்து அவரைப் பிரிப்பது இதுதான். அவர்களுக்கு இயந்திரம் ஒரு சிந்தனை; மொரோடருக்கு அது ஆடவைக்க உதவும் இன்னொரு வாத்தியம்.

மூக் சின்தசைசர் என்ற மிகப்பெரிய மின்னணு வாத்தியத்தை அவர் அறிந்துகொண்டது, ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை முழுக்க அதிலேயே வாசித்து 1968இல் வெளிவந்த வெண்டி கார்லோஸின் இசைத்தட்டின் வழியாக. வாத்தியம் என்று சொன்னாலும், பார்ப்பதற்கு அது தொலைபேசி இணைப்பகத்தின் பலகை போலத்தான் இருக்கும்: சுவர் அளவுக்குப் பெட்டிகள், குமிழ்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செருகப்பட்ட கம்பிகள். மியூனிக்கில் எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளரிடம் அப்படி ஒன்று இருந்தது. அவருக்கு உதவியாளராக இருந்த ராபி வேடல் என்ற பொறியாளருக்குத்தான் அதை இயக்கத் தெரியும். மொரோடர் அந்த ஒலியை வைத்துச் செய்த 'சன் ஆஃப் மை ஃபாதர்' என்ற மெட்டு, 1972இல் சிக்கரி டிப் என்ற ஆங்கிலேயக் குழுவின் குரலில் பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. 1975இல் 'ஐன்ஸெல்கேங்கர்' என்று ஒரு தொகுப்பு. துண்டுதுண்டான குரல்களும் இயந்திர முணுமுணுப்பும் நிறைந்த விநோதமான முயற்சி. அதைப் பொறுமையோடு முழுவதும் கேட்டவர்கள் குறைவு. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்கும் எண்ணம் இல்லை.

அவருடைய உண்மையான அதிர்ஷ்டம் வாத்தியத்தில் இல்லை, ஆட்களில் இருந்தது. பாடல் எழுதவும் கூடவே தயாரிக்கவும் பீட் பெல்லாட் என்ற ஆங்கிலேயர் கிடைத்தார். பின்னணிக் குரலுக்காக வந்த இடத்தில் டோனா சம்மர் கிடைத்தார். பாஸ்டன் நகரில் தேவாலயத்தில் பாடி வளர்ந்த கறுப்பினப் பெண். 'ஹேர்' என்ற இசை நாடகத்தின் ஜெர்மன் மேடையேற்றத்துக்காக 1968இல் மியூனிக்குக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். சம்மர் என்பதே அவர் மணந்துகொண்ட ஆஸ்திரிய நடிகரின் குடும்பப் பெயரான சோமர் என்பதன் ஆங்கில வடிவம்தான். ஓர் உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் மொரோடர் அமைத்திருந்த மியூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் இந்த மூவரும் 1975இல் செய்த 'லவ் டு லவ் யூ பேபி', அமெரிக்காவில் கஸாபிளாங்கா நிறுவனத்தை நடத்திய நீல் போகார்ட்டின் கைக்குப் போனது. அவர் அதைத் தம் வீட்டு விருந்தில் போட, வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம். இதை இன்னும் நீளமாகச் செய்துகொடுங்கள் என்று மியூனிக்குக்குத் தகவல் போனது. அப்படித்தான் ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஓடி, இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்ட பாட்டு பிறந்தது. அதன் முனகல்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். என் கவனம் நீளத்தின் மேல். பாட்டு என்பது மூன்று நிமிடத்தில் முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் போனபோது, மெட்டைவிட அதன் அடியில் ஓடும் நடைக்கு முக்கியத்துவம் வந்துவிட்டது.

இனி 1977. 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே' என்ற சம்மரின் தொகுப்புக்கு ஒரு திட்டம் இருந்தது: ஒவ்வொரு பாட்டும் கடந்துபோன ஒரு காலத்தின் ஒலியை நினைவூட்ட வேண்டும். தலைப்புப் பாட்டில் 1940களின் பெருவாத்தியக் குழு, இன்னொன்றில் பள்ளிப் பருவக் காதலைப் பாடும் பெண்குழுக்களின் சாயல், வேறொன்றில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசை நிறுவனத்தின் பாணி. இப்படி வரிசையாக வந்தபின், கடைசிப் பாட்டுக்கு எதிர்காலம் மிச்சமிருந்தது. அந்த எதிர்காலத்துக்காகத்தான் மூக் வாத்தியத்தை வரவழைத்தார்கள். வரலாற்றை மாற்றியதாகச் சொல்லப்படும் பாட்டு, மற்ற ஏழு பாடல்களைப் போலவே ஒரு வேடப்போட்டியின் பகுதியாகத்தான் தொடங்கியது என்பது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது. தொகுப்பை முதலிலிருந்து கேட்டால் அந்தத் திருப்பம் இன்னும் நன்றாகப் புரியும். ஏறத்தாழ அரை மணி நேரம் இனிமையான பழங்கதைகள். பிறகு திடீரென்று மரமும் தோலும் நரம்பும் இல்லாத ஓர் ஒலி.

அதைச் செய்வதிலிருந்த முதல் சிக்கல், மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்பும் என்பது. பல குரல்களை அடுக்க வேண்டுமானால் ஒன்றைப் பதிவு செய்து, அதன் மேல் அடுத்ததைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் நூலிழை பிசகாமல் ஒன்றாக ஓட வேண்டும். இதற்கு வழி கண்டவர் வேடல். ஒலிநாடாவின் ஒரு தடத்தில் வெறும் துடிப்பை முதலில் பதிந்துவிட்டு, அந்தத் துடிப்பைக் கொண்டே மூக் வாத்தியத்தில் சுரங்களை வரிசையாகத் தானே ஒலிக்கச் செய்யும் சீக்வென்சரை ஓட்டினால், எத்தனை முறை பதிந்தாலும் எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படும் என்று அவர் காட்டினார். மொரோடருக்கும் பெல்லாட்டுக்கும் அதுவரை அது தெரியாது. அந்தப் பதிவின் பெயர் தெரியாத நாயகன் வேடல்தான் என்று பெல்லாட் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

இரண்டாவது சிக்கல் சுருதி. அந்தக் கால மூக் சூடேறச் சூடேறச் சுருதி விலகும். சில நொடிகள் பதிவு செய்வார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்ப்பார்கள், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவார்கள். ஆறு நிமிடப் பாட்டு முழுவதும் இப்படித்தான். மனிதக் கை படாத இயந்திர இசை என்று பெயரெடுத்த பாட்டு, வீணை வித்வான் பிரடையைத் திருகுவதுபோல நிமிடத்துக்குப் பலமுறை குமிழைத் திருகித் திருகிச் செய்யப்பட்டது.

மூன்றாவது சிக்கலில் இயந்திரம் தோற்றே போனது. சின்தசைசரின் இரைச்சலை வெட்டி வெட்டி ஹைஹாட் என்ற தாளத்தட்டின் ஒலியையும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் ஒலியையும் செய்துவிட்டார்கள். ஆனால் காலால் அடிக்கும், நெஞ்சில் வந்து மோதும் கிக் டிரம் மட்டும் மூக் வாத்தியத்தில் வரவே இல்லை. எனவே கீத் ஃபோர்சி என்ற டிரம் கலைஞரை உட்காரவைத்து, பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை கிக் டிரம்மை மட்டும் அடிக்கச் சொன்னார்கள். கையில் வேலையில்லை, வலது காலால் ஒரே அடி, ஒரே இடைவெளி. இயந்திரம் மனிதனைப்போல வாசிக்க முயன்ற கதைகள் நிறைய உண்டு. இங்கே ஒரு மனிதர் இயந்திரத்தோடு சேர்ந்து ஓடுவதற்காகத் தம்மை இயந்திரமாக்கிக்கொண்டார். என் ஒரு காது இயர்போனில் நான்கு ஆண்டுகள் முழுதாகக் கேட்டது இந்தக் காலடியைத்தான் என்று இப்போது நினைக்கும்போது சற்று ஆறுதலாக இருக்கிறது.

நான்காவதாகக் குரல். வரிகளை எழுதுவதற்காகப் பெல்லாட் சம்மரின் வீட்டுக்குப் போனபோது, அவர் தம் சோதிடரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாராம். இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி மணிக்கணக்கில் பேச்சு நீள, காத்திருந்த பெல்லாட் வரிகளைப் பெரும்பாலும் தாமே எழுதி முடித்துவிட்டார். அதிகம் எழுதவும் வேண்டியிருக்கவில்லை. சில சொற்கள், அவை திரும்பத் திரும்ப. ஆனால் பாடிய விதத்தைப் பாருங்கள். தேவாலயத்தில் வளர்ந்த அவருக்குத் தொண்டையைத் திறந்து முழங்கத் தெரியும். பின்னாளில் 'மெக்ஆர்தர் பார்க்' என்ற பாட்டில் முழங்கியும் இருக்கிறார். இங்கே அதைச் செய்யவில்லை. மேல்ஸ்தாயியில், கிட்டத்தட்டக் காற்றாக, சொற்களை நீட்டி மிதக்கவிடுகிறார். கீழே எல்லாமே துண்டு துண்டாகத் துடிக்கும்போது மேலே ஒன்று மட்டும் துண்டாகாமல் நீள்கிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ஒரு தலைகீழ் ஏற்பாடு தெரியும். நம்மிடம் தம்புரா அசையாமல் நிற்கும், பாட்டு ஓடும். இங்கே ஓடுவது தம்புராவின் இடத்தில் இருப்பது, நிற்பது குரல்.

இத்தனை பாடுபட்டும், அமெரிக்காவில் முதலில் வெளியானபோது அது வேறொரு மெல்லிசைப் பாட்டின் பின்பக்கத்தில்தான் வந்தது. நடன விடுதிகளில் தட்டைத் திருப்பிப் போட்டவர்கள்தான் அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் 1977 ஜூலையில் முதலிடத்தைப் பிடித்து நான்கு வாரங்கள் நின்றது. அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. அப்போது பெர்லினில் பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞரோடு வேலை செய்துகொண்டிருந்த ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி ஒரு சம்பவத்தை நினைவுகூர்ந்திருக்கிறார்: ஒரு நாள் ஈனோ இந்தத் தட்டோடு ஓடி வந்து, வருங்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டதாகவும், அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு நடன விடுதிகளின் இசையை இது மாற்றிவிடும் என்றும் சொன்னாராம். பதினைந்து என்பது குறைந்த மதிப்பீடு. சான் ஃபிரான்சிஸ்கோவில் பேட்ரிக் கவ்லி என்ற இளைஞர் அதை நாடாவில் வெட்டி ஒட்டி, தம் சின்தசைசர் ஒலிகளையும் சேர்த்து, பதினைந்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் வடிவமாக்கினார். பல ஆண்டுகள் கைமாறிக் கைமாறிச் சுற்றியபின், 1982இல்தான் அது முறையாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் எய்ட்ஸ் நோய்க்கு அவர் பலியானார், வயது 32. அந்த நகரத்து ஓரினக் காதலர்களின் விடுதிகளில் இந்தப் பாட்டுக்குக் கிடைத்த இடத்தைப் பட்டியல் எண்களை வைத்து அளக்க முடியாது.

இனி மொரோடர் தம் பெயரில் வெளியிட்ட தொகுப்புகளுக்கு வருகிறேன். இங்கேதான் பலரோடு நான் வேறுபடுகிறேன். அதே 1977இல் வந்த 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'யை அவருடைய உச்சம் என்பார்கள். இந்தப் பதிவில் மின்னணு விசைப்பலகைகள் மட்டுமே பயன்படுத்தப்பட்டன என்று அதன் பின்னட்டையில் பெருமையாக அச்சிட்டிருக்கும். முதல் பக்கம் முழுவதும் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. மொரோடர் வோக்கோடர் என்ற குரல் மாற்றும் கருவி வழியாகத் தம் குரலையும் இயந்திரமாக்கிக்கொள்கிறார். அழகான வேலைதான், இரவுப் பேருந்தில் நெடுஞ்சாலை விளக்குகள் கடந்துபோகும்போது கேட்க இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும், அந்த ஓட்டத்துக்கு எதிராக நிற்க ஆளில்லை என்ற குறை எனக்கு உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் தலைப்பாக வைத்து வெளியிட்ட தொகுப்பில் அந்தக் குறை முழுதாகவே வெளிப்பட்டுவிட்டது. டிஜிட்டல் முறையில் நேரடியாகப் பதிந்த மின்னணு இசை என்ற விளம்பரத்தோடு வந்த அந்தத் தட்டின் தலைப்புப் பாட்டில், பதிவில் பங்கேற்றவர்களின் பெயர்களையே வோக்கோடர் குரல் பாட்டாக வாசிக்கிறது. நல்ல குறும்பு. அதைத் தாண்டி எனக்கு அதில் ஒட்ட முடியவில்லை. சுருதி விலகாத இயந்திரம் கிடைத்துவிட்டது, குமிழைத் திருக வேண்டிய அவசரம் போய்விட்டது.

மொரோடரின் மிகச்சிறந்த தொகுப்பு எது என்று கேட்டால், சம்மருக்காக 1977 கடைசியில் செய்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்ற இரட்டை இசைத்தட்டைச் சொல்வேன். சிண்ட்ரெல்லா கதையைப் பெருநகரத்து உழைக்கும் பெண்ணின் கதையாக மாற்றியிருக்கிறார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில், இரவுப் பணிக்குப் போகிறவளின் தனிமையைச் சம்மர் பாடும்போது கீழே மூக் துடித்துக்கொண்டே இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரமும் இசை இயந்திரமும் ஒன்றாகிவிடும் அந்தச் சில நிமிடங்கள் 'ஐ ஃபீல் லவ்'வுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. அடுத்து, ஸ்பார்க்ஸ் என்ற இரு சகோதரர்களோடு 1979இல் செய்த 'நம்பர் ஒன் இன் ஹெவன்'. ஆறே பாடல்கள், டிரம்மில் மீண்டும் ஃபோர்சி, மேலே அந்தச் சகோதரர்களில் பாடுபவரான ரஸல் மேலின் கீச்சுக்குரலும் குறும்பான வரிகளும். முதலில் கேட்கும்போது பொருந்தாத கூட்டணி போலத் தோன்றும். எதிராளி வலுவாக இருக்கும்போதுதான் மொரோடரின் இயந்திரம் உயிர்பெறுகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

திரைப்படக் காலத்தை விரைவாகவே கடக்கலாம். 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' இயக்குநர் ஆலன் பார்க்கர், துரத்தல் காட்சிக்கு 'ஐ ஃபீல் லவ்' போன்ற ஒன்று வேண்டும் என்று கேட்க, அந்தப் படத்தின் இசை மொரோடருக்கு முதல் ஆஸ்கரைத் தந்தது. 'ஃபிளாஷ்டான்ஸ்', 'டாப் கன்' பாடல்களுக்கு மேலும் இரண்டு வந்தன. 'ஃபிளாஷ்டான்ஸ்' பாட்டின் வரிகளை ஐரீன் காராவோடு சேர்ந்து எழுதியவர், வலது காலால் மட்டும் டிரம் அடித்த அதே கீத் ஃபோர்சி.

2012 மே 17 அன்று டோனா சம்மர் புற்றுநோயால் காலமானார். அதே மாதம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'ஐ ஃபீல் லவ்'வைச் சேர்த்திருப்பதாக அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையர் தங்கள் தொகுப்பில் ஒன்பது நிமிடப் பாட்டொன்றை மொரோடருக்கே ஒதுக்கினார்கள். அதில் அவர் பாடவில்லை. தம் கதையைச் சொல்கிறார். கதையின் வெவ்வேறு காலங்களுக்கு அந்தந்தக் காலத்து மைக்குகளை வைத்துப் பதிந்தார்களாம். அந்தப் பேச்சில், எதிர்காலத்தின் ஒலிக்குச் சின்தசைசர் வேண்டும் என்று தமக்குத் தோன்றியதையும், நாடாவில் துடிப்பைப் பதிந்து மூக் வாத்தியத்தோடு இணைத்ததையும் அந்த இத்தாலிய உச்சரிப்பில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. மறு தடவை ஒரு பெயருக்காகக் காத்திருந்தேன். வேடல் அதில் வரவில்லை. பெல்லாட்டும் ஃபோர்சியும் வரவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் கதையில் சக ஊழியர்கள் மெல்ல மெல்ல மறைந்துவிடுவது இயல்புதான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போன மாதம் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். தன் கணினியில் தானே தாளம் அமைத்துப் பாட்டுகள் செய்கிறவன். பேச்சுவாக்கில் இந்தப் பாட்டைச் சொன்னேன், கேட்டதில்லை என்றான். என்னிடம் இருந்த கம்பி இயர்போனில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். இடதை நான் வைத்துக்கொண்டு வலதை அவனிடம் கொடுத்தேன். முதல் நிமிடம் முடிவதற்குள், "மாமா, பாஸ் கிக்கோட சேரவே மாட்டேங்குதே, பின்னாடியே விழுதே" என்றான். என் காதில் பாஸும் கிக்கும் ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தன. மேசைமேல் ஆளுக்கொரு விரலால் பாஸைத் தட்டினோம். அவன் விரல் எழும்போதெல்லாம் என் விரல் விழுந்தது. சம்மர் பாடத் தொடங்கியதும் அவன் தட்டுவதை நிறுத்திவிட்டு என் காதிலிருந்ததையும் கழற்றி வாங்கிக்கொண்டான்.